ஸ்கிரிப்ட்ல லாங் ஆப்ஷன் போடுங்கப்பா

கமாண்டுக்கு பின்னாடி ஒத்த ஹைஃபன் போட்டு குடுக்கற ஒத்த எழுத்து ஷார்ட் ஆப்ஷன், ரெண்டு ஹைஃபன் போட்டு முழு வார்த்தையா எழுதினா லாங் ஆப்ஷன். ஓஎம்ஆர் பக்கம் லினக்ஸ் சப்போர்ட்டுக்கு புதுசா சேர்ற பசங்க கண்டிப்பா ஒரு தடவ கேப்பாங்க, "அண்ணா, எஸ்எஸ்ஹெச்-க்கு போர்ட் குடுக்க சின்ன பி, எஸ்சிபி-க்கு மட்டும் ஏன் பெரிய பி?" எஸ்எஸ்ஹெச் வேற மெஷினுக்குள்ள போறதுக்கு, எஸ்சிபி மெஷினுக்கு மெஷின் ஃபைல் காப்பி பண்றதுக்கு, போர்ட்ங்கறது கனெக்ஷன் போற வாசல் நம்பர். எஸ்சிபி-ல ஃபைலோட டைமும் பெர்மிஷனும் மாறாம காப்பி பண்றதுக்கு சின்ன பி-ய முன்னாடியே எடுத்தாச்சு, அப்போ போர்ட்டுக்கு மிச்சம் இருந்தது பெரிய பி. அவ்ளோதான் காரணம். ஹெச்-சும் அதே கததான், டிஸ்க்ல எவ்ளோ இடம் இருக்குன்னு சொல்ற டிஎஃப்-ல போட்டா சைஸ எம்பி, ஜிபின்னு படிக்கற மாதிரி காட்டும், ஷட்டவுன்ல போட்டா மெஷினே நின்னுடும், ஹெல்ப் வரும்னு நம்பி ஹெச் போடறவன் கொஞ்சம் யோசிச்சு போடணும்.

இதுக்கு யாரையும் திட்ட முடியாது. யூனிக்ஸ் பொறந்த பெல் லேப்ஸ், பெர்க்லி யுனிவர்சிட்டி, ஃப்ரீ சாஃப்ட்வேர் எழுதற குனூ ப்ராஜெக்ட்னு ஆளாளுக்கு ஒரு பக்கம் எழுதினது, ஓடற ப்ராசஸ காட்டற பிஎஸ்-ல ஏயூஎக்ஸ் பெர்க்லி ஸ்டைல், ஹைஃபன் போட்டு ஈஎஃப் போட்டா சிஸ்டம் ஃபைவ்ங்கற ஏடி&டி யூனிக்ஸ் ஸ்டைல், டிஸ்க்க காப்பி பண்ற டிடி கமாண்டோட ஐஎஃப் ஈக்வல்ஸ் ஓஎஃப் ஈக்வல்ஸ் பாத்தீங்கன்னா அது ஐபிஎம் மெயின்ஃப்ரேமுக்கு வேலை குடுக்க எழுதற ஜேசிஎல் பாஷையோட வாடை. யூனிக்ஸ் டூல்ஸுக்கான பொது ஸ்டாண்டர்டு போசிக்ஸ் வந்து ஒத்த ஹைஃபன் ஒத்த எழுத்துன்னு ஒரு ஒழுங்கு சொல்லுச்சு, ரெண்டு ஹைஃபன் போட்டு முழு வார்த்தையா எழுதற பழக்கத்த பரப்பினது குனூ.

என் கட்சி என்னன்னா, டெர்மினல்ல கைல அடிக்கறப்போ ஒத்த எழுத்து போதும், ஸ்கிரிப்ட்னு வந்துட்டா முழு வார்த்தைதான். யூசரோட செட்டிங்க மாத்தற யூசர்மாட்-அ எடுத்துக்கோங்க. ஒருத்தர டாக்கர் (கன்டெய்னர் ஓட்டற டூல்) குரூப்ல சேக்கணும்னு வெறும் பெரிய ஜி மட்டும் போட்டா டாக்கர்ல சேத்துடும், ஆனா மெயின் குரூப் தவிர அவர் ஏற்கனவே இருந்த மத்த குரூப் எல்லாத்துலேர்ந்தும் தூக்கிடும், அட்மின் பவர் குடுக்கற சூடோ குரூப்பும் சேந்து போகும், நடு ராத்திரில டிப்ளாய்மென்ட் ஓடிட்டு இருக்கறப்போ சூடோ வேலை செய்யலன்னு போன் வரும். கூட சின்ன ஏ போடணும், அதான் அப்பென்ட், இருக்கறதோட சேருன்னு அர்த்தம். ரெவ்யூ பண்றவன் கண்ணுக்கு அந்த ஒத்த ஏ இல்லாதது தெரியவே தெரியாது, அதே வரில குரூப்ஸ்னு முழுசா எழுதியிருந்தா "அப்பென்ட் எங்கடா?"ன்னு ஒரு தடவையாவது கேப்பான்.

அப்புறம் அந்த வெறும் ரெண்டு ஹைஃபன். "இதோட ஆப்ஷன் முடிஞ்சுது, இனி வர்றதெல்லாம் ஃபைல் பேர்"னு அர்த்தம். ஃபோல்டர்ல ஹைஃபன் ஆர்எஃப்-னு (ஆர்எம்-க்கு இதே எழுத்து 'டைரக்டரியோட கேக்காம அழி'ங்கற ஆப்ஷன்) ஒரு ஃபைல் கெடக்குதுன்னு வைங்க, எல்லாத்தையும் அழிக்க நீங்க ஆர்எம் ஸ்டார் அடிச்சா, கமாண்ட வாங்கற ஷெல்தான் ஸ்டார எல்லா ஃபைல் பேராவும் விரிச்சு குடுக்கும், ஆர்எம்-க்கு அது ஃபைல் பேரா ஆப்ஷனான்னு தெரியாது, ஆப்ஷன்னு எடுத்துக்கிட்டு உள்ள இருக்கற டைரக்டரிய எல்லாம் கேக்காம கொள்ளாம வழிச்சிடும். வெளிலேர்ந்து ஃபைல் அப்லோட் ஆகற சர்வர்ல இது சும்மா தியரி இல்ல.

மேக்ல வேலை பாக்கறவங்க "எங்க டூல்ஸ்ல பாதிக்கு லாங் ஆப்ஷனே இல்லையே"ம்பாங்க, வாஸ்தவம், அங்க கமென்ட் எழுதிக்க வேண்டியதுதான். குறிச்ச நேரத்துல தானா ஓடற வேலைகளோட பட்டியல வச்சிருக்கற கிரான்டேப்பும் அந்த கேஸ்தான், எடிட்டுக்கு ஈ, மொத்தமா அழிக்க ஆர், கீபோர்ட்ல ரெண்டும் பக்கத்து பக்கத்துல, ஆர் தட்டினா நிச்சயமான்னு ஒரு வார்த்த கேக்காது. ஐ சேத்து போட்டா கேக்கும், அதனால நான் பாக்கற எல்லா சர்வர்லயும் கிரான்டேப்-னு அடிச்சாலே ஐ சேந்து ஓடற மாதிரி ஏலியாஸ் போட்டு வச்சிருக்கேன்.