பதினைந்து வயதை 'அவர்' என்றா எழுதுவது?

ஹட்டனில் காலையிலிருந்து மழை, கரண்டும் இல்லை, பாதி சார்ஜில் இருக்கிற போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் கொமிக்ஸ் வரைவதை அம்மா இன்னும் 'படம் போடுறது' என்றுதான் சொல்வார். நேற்று அவரிடம் மாயா கொபாபே பற்றிச் சொன்னேன். அமெரிக்கர். தான் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று தெரிந்துகொண்ட கதையை 2019இல் சித்திரப் புத்தகமாகவே போட்டவர். முதலில் விருது, அப்புறம் எதிர்ப்பு. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில் 2021, 2022, 2023 மூன்று வருடமும் மிக அதிகமாக எதிர்ப்பு வந்த புத்தகம் அதுதான்.

"அவனா, அவளா?" என்றார் அம்மா.

"அவர்னு சொன்னா போதும்மா."

"ஓ, டீச்சரைச் சொல்ற மாதிரி." சரி, முடிந்தது. ஆங்கிலத்தில் இதற்குத் தனிச் சொற்கள் தேவைப்பட, நமக்கு ஒரு மரியாதை விகுதியே போதுமாக இருக்கிறது.

ஆனால் என் கதையில் வருவது தேயிலைத் தோட்ட லயத்தில் வளரும், அதே மாதிரி ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று உணரும் பதினைந்து வயதுப் பிள்ளை. அந்த வயதை யார் 'அவர்' என்பார்கள்? கூட்டாளிகள் 'டேய்' என்பார்கள், இல்லாவிட்டால் 'அடியே'. இரண்டையும் விட்டுவிட்டு 'ஏய்' என்றும் பெயரை வைத்தும் நாலு பக்கம் ஓட்டிவிட்டேன், ஐந்தாம் பக்கத்தில் பாட்டி கூப்பிட வேண்டும், அங்கே மாட்டிக்கொண்டேன். பாட்டிக்கு எல்லாருமே 'சாமி'தான் என்பது இன்று காலைதான் உறைத்தது!

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படாமல் கிடக்கின்றன, இந்த மாதிரிக் கதைக்குப் பயம் இருக்கத்தான் செய்கிறது, அதனால் புனைபெயரில்தான் போடுகிறேன். கரண்ட் வந்ததும் ஐந்தாம் பக்கம்.