கினபாலுவில் 67 மீட்டர்

மலையேற்றம் தொடங்கும் டிம்போகான் வாசலில் என் பையைத் தூக்கிப் பார்த்த வழிகாட்டி சிரித்துவிட்டார். உள்ளே பாதிக்குப் பாதி கம்பளித் துணிகள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் மலைதானே என்று நம்பி ஏமாறக் கூடாது என்று ஒரு நண்பர் பயமுறுத்தியிருந்தார்.

மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலுவின் உயரம் 4095 மீட்டர். எல்லாரும் உச்சியில் சூரிய உதயம் பார்க்கத்தான் போகிறார்கள். எனக்கோ வழியில் காடு எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசை. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். அதனால் ஒரே சரிவில், ஒரே நாள் நடையில், வெவ்வேறு தட்பவெப்பங்களைக் கடந்துவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி மலைகளை விடாமல் சுற்றுவது இதற்காகத்தான்.

முதலில் ஓக் மரங்கள். அப்புறம் மேகம் வந்து மூடிக்கொண்டது. அடிமரம் தெரியாத அளவுக்குப் பாசி. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். நான்காவது கிலோமீட்டரில், லயாங் லயாங் பக்கம், திடீரென்று மரங்கள் குள்ளமாகிவிட்டன. உயரத்தால்தான் என்று நினைத்தேன். வழிகாட்டி காலடி மண்ணைக் காட்டினார், நிறமே வேறு. அங்கே அடியில் இருக்கும் பாறையிலிருந்து வரும் மண்ணில் மக்னீசியமும் நிக்கலும் அதிகம், செடிக்கு வேண்டிய சத்து குறைவு. பூச்சி பிடித்துப் பிழைக்கும் குடுவைச் செடிக்கு அது போதும்: நெபந்தஸ் விலோசா, வாய் விளிம்பு முழுக்கக் கூர்கூராக, பாதையோரமே தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்ட என் குறிப்பேடு அங்கேயே வீணானது.

இரவு பனலாபானில் தங்கல். மற்றவர்கள் விடிகாலை ஏற்றத்துக்காகச் சீக்கிரமே படுத்துவிட, நான் வெளிவிளக்கைச் சுற்றிய அந்துப்பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மலையின் அந்துப்பூச்சிகளை 1965இல் ஒரு குழு உயரவாரியாகப் பிடித்துப் பதிவு செய்தது. 42 ஆண்டுகள் கழித்து, 2007இல், இன்னொரு குழு பழைய புகைப்படங்களை வைத்து அதே இடங்களைத் தேடிப்போய் மறுபடி பிடித்தது. 102 இனங்களை ஒப்பிட்டதில், அவை சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. வெப்பம் கூடக் கூட, தங்களுக்குப் பழகிய குளிரைத் தேடி ஏறியிருக்கின்றன. மலை கூம்பாகக் குறுகிக்கொண்டே போவதால் மேலே போகப் போக இடமும் குறைவு. இதைப் படித்த நாளிலிருந்தே இங்கே வர வேண்டும் என்று மனதில் இருந்தது.

விடிகாலையில் மழை கொட்டியது. உச்சிப் பாதையைத் திறக்கவில்லை. சரி, இறங்கலாம் என்று கிளம்பினோம்.

வரும் வழியில் கைபேசியின் உயரமானியை வைத்து 67 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். ஏறக்குறைய 300 மீட்டர் நடை. தொடங்கிய இடத்தைத் திரும்பிப் பார்த்தேன், நின்ற இடத்தைப் பார்த்தேன். அதே பாசி, அதே சொட்டும் ஈரம். என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏன் நின்றுவிட்டீர்கள் என்று வழிகாட்டி கேட்டார். முட்டி வலி என்று சொல்லிவைத்தேன்.