தையல் ஆறியும் ஆறாத வலி

குழந்தைக்கு அப்போது ஏழு மாசம். கோபியில் இருந்து ஈரோட்டுக்குப் பஸ் ஏறினால், கவுந்தப்பாடி தாண்டுவதற்குள் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொள்வேன். சுகப்பிரசவம்தான். தலை வரும் நேரத்தில் கீழே வலப்பக்கமாகக் கத்தரித்துத் தைத்திருந்தார்கள்.

அம்மா பழைய நூல் சேலையைச் சும்மாடு மாதிரி சுருட்டிக் கொடுத்தார். அதன்மேல் உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன். "புள்ள பெத்த ஒடம்பு கண்ணு, இருக்கத்தான் செய்யும்" என்றார் அத்தை. பிரசவம் பார்த்த இடத்திலும் அதையே சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்காரர் கிட்டே வந்தாலே உடம்பு இறுகிப்போகும். அதை அவரிடம் சொல்லவே எனக்கு ரெண்டு மாசம் ஆனது.

ஈரோட்டில் பார்த்த மருத்துவர்தான் முதல்முறையாக வலி எங்கே என்று தேடினார். ஈரப்பஞ்சு சுற்றிய குச்சியால் சுற்றிலும் மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தார். கடிகாரமாக நினைத்தால் ஏழு மணி இடத்தில் துள்ளிவிட்டேன். சீழ், பிளவு, மலக்கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெட்டித் திரும்பத் தைக்கறதெல்லாம் கடைசிப் பேச்சுங்க. தழும்பு அடிச்சதையோட ஒட்டிக் கெடக்குது. வலிக்குப் பயந்து சுத்தியிருக்கற தசையும் இறுக்கிப் பிடிச்சிருக்குது."

நானோ யூடியூப் பார்த்துத் தினமும் கெகல் பயிற்சி, அதாவது அடித்தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி, செய்துகொண்டிருந்தேன்! இறுகிய தசையை இன்னும் இறுக்கியிருக்கிறேன். அதை உடனே நிறுத்தச் சொல்லி, இடுப்புத்தளப் பிசியோதெரபிக்கு (இடுப்புக்கு அடியில் தாங்கி நிற்கும் தசைகளுக்கான பயிற்சி) அனுப்பினார். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து அங்கே தோல் வறண்டு மெலியுமாம். அதற்கு ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார்.

பிசியோதெரபியில் முதல் ரெண்டு வாரம் மூச்சுப் பயிற்சி மட்டுமே. முட்டியை மடக்கிப் படுத்து, வயிறு உப்ப மூச்சிழுக்கும்போது கீழே தளர விட வேண்டும், சிறுநீர் வரத் தொடங்கும்போது தளருமே, அப்படி. பிறகு மசாஜ். நகம் வெட்டி, வெந்நீரில் குளித்தபின், தேங்காய் எண்ணெய் தொட்ட கட்டைவிரலை முதல் கணு வரை பிறப்புறுப்புக்குள் வைத்து, ஆசனவாய்ப் பக்கமாக அழுத்தி, எரிச்சல் அடங்கும்வரை பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். தினம் 5 நிமிடம். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். (ஆணுறை போடும் நாளில் எண்ணெய் ஆகாது, ரப்பர் கெட்டுவிடும். தண்ணீரில் ஆன ஜெல்தான்.)

முதல் நாள் அழுதுவிட்டேன். வலியால் இல்லை, ஏழு மாசமாக அந்த இடத்தை நானே தொட்டதில்லை. துவரம்பருப்பு அளவில், கயிற்று முடிச்சு போல விரலில் தட்டியது. ஆறாவது வாரம் அந்த முடிச்சு விரலுக்கடியில் நகர ஆரம்பித்தது. அடிபட்டவள் போல வீட்டுக்குள் நடந்தது சிகிச்சையின் மூன்றாம் மாசத்தோடு நின்றது. குணமாகவில்லை என்றால் தழும்பில் ஊசி போடலாம் என்றிருந்தார் மருத்துவர், தேவைப்படவில்லை. இப்போதும் வெகுநேரம் மொபெட் ஓட்டினால் லேசாக இழுக்கும். வாரம் ரெண்டு நாள் மசாஜைத் தொடர்கிறேன்.

போன மாசம் சித்தி மகளுக்கும் தையல் போட்டார்கள். ஆறாவது வாரம் காட்டப் போகும்போது நானும் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.