துருவுக்குப் பயந்து எஸ்.எஸ். போல்ட்டுக்கு மாறும் முன்

4 அங்குல நீராவிக் குழாய், 300 கிளாஸ் (அழுத்தத் தரம்) கார்பன் ஸ்டீல் ஃபிளாஞ்ச், உள்ளே 30 பார், 350 டிகிரி செல்சியஸ். முக்கால் அங்குல ஸ்டட் (இரு முனையிலும் நட் போடும் தலையில்லா போல்ட்) எட்டு, எல்லாமே ஏ193 தரநிலையின் பி7, அதாவது பலம் கூடிய அலாய் ஸ்டீல். துரு ஏறியதும் முதலில் வரும் யோசனை, "304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) போட்டுவிடலாமே, ஒரேயடியாகத் தொல்லை விட்டது" என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

304 என்பது உலோகத்தின் பெயர். பலத்தின் பெயர் இல்லை. ஏ193-இல் 304-க்குப் பெயர் பி8. அதில் கிளாஸ் 1 (இது ஸ்டட்டின் பலப் பிரிவு, ஃபிளாஞ்ச் கிளாஸ் வேறு) வெறும் 205 மெகாபாஸ்கலில் நெளிய ஆரம்பிக்கும். பி7-க்கு அது 720. முக்கால் அங்குல ஸ்டட்டில் மரை கழித்து இழுவை தாங்கும் பரப்பு சுமார் 215 சதுர மி.மீ. பாதி பலம் வரை இறுக்கினால் பி7 ஒவ்வொன்றும் 78 கிலோநியூட்டன் பிடிக்கும். பி8 கிளாஸ் 1 பிடிப்பது 22. இவ்வளவு பலம் குறைந்த ஸ்டட்டை 150, 300 கிளாஸ் ஃபிளாஞ்ச்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது ஃபிளாஞ்ச் தரநிலை பி16.5. இது 300 கிளாஸ்தான் என்பதால் விதி தடுக்காது. தடுப்பது வெப்பம்.

நட்டுக்கு நட்டு இங்கே சுமார் 67 மி.மீ. இறுக்கும்போது பி8 கிளாஸ் 1 நீள்வது 0.036 மி.மீ. மட்டும். அந்த நீட்சிதான் கேஸ்கெட்டை (இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவே உள்ள அடைப்பு வளையத்தை) அழுத்துகிறது. 350 டிகிரிக்குப் போனதும் எஸ்.எஸ். ஸ்டட் கார்பன் ஸ்டீல் ஃபிளாஞ்சைவிட 0.09 மி.மீ. கூடுதலாக விரிகிறது. பிடித்த பிடி முழுவதும் போய், கேஸ்கெட் மீண்டெழும் கொஞ்ச நஞ்சத்தில் ஜாயின்ட் தொங்குகிறது. குளிரில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) பாஸ் ஆகும், சூட்டில் நீராவி ஒழுகும். பலரும் கேஸ்கெட்டைத் திட்டுவார்கள்.

அதனால் இந்த ஜாயின்ட்டுக்கு மறுபடி பி7, அதோடு 2எச் கிரேடு நட். துருவுக்கென்று டெஃப்லான் பூசிய வண்ண ஸ்டட் வேண்டாம். டெஃப்லான் பூச்சு இந்தச் சூட்டுக்கு நிற்காது.

ஃபிளாஞ்சே எஸ்.எஸ். என்றால் கதை தலைகீழ். அங்கே பி7 குறைவாக விரிவதால் சூட்டில் இறுக்கம் ஏறி கேஸ்கெட் நசுங்கும், குளிர்ந்ததும் ஒழுகும். பலம் வேண்டுமென்றால் பி8 அல்லது பி8எம் (316-இன் பெயர்) கிளாஸ் 2. குளிர்நிலையில் இழுத்துக் கடினமாக்கியவை. முக்கால் அங்குலம் வரை பி8-க்கு 690, பி8எம்-க்கு 655 மெகாபாஸ்கல். விட்டம் கூடினால் இது சரியும்: ஒன்றே கால் தாண்டி ஒன்றரை வரை வெறும் 345. பெரிய ஃபிளாஞ்சுக்குச் சின்ன ஸ்டட்டின் எண்ணைப் போட்டுக் கணக்கிடும் தவறு அடிக்கடி நடக்கும். கடும் சூட்டில் அந்தக் கடினமும் தளர்ந்துவிடும். அந்த இடங்களுக்கு ஏ453 கிரேடு 660 ஸ்டட். பலமும் இருக்கிறது, விரிவும் எஸ்.எஸ்.ஸோடு ஒத்துப்போகிறது. விலைதான் கடிக்கும்.

கொள்முதல் இன்டென்ட்டில் "எஸ்.எஸ். 316 ஸ்டட்" என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார். கிரேடு, கிளாஸ், விட்டம், மரை, நீளம், நட் கிரேடு, 3.1 சான்றிதழ் (ஆலை தரும் சோதனைச் சான்று) எல்லாம் எழுத வேண்டும். சரக்கு வந்ததும் ஸ்டட் முனையைப் பாருங்கள்: பி8எம் முத்திரைக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் கிளாஸ் 2. பி.எம்.ஐ. துப்பாக்கி (உலோகக் கலவையைக் காட்டும் கருவி) மாலிப்டினத்தைக் காட்டும், கிளாஸைக் காட்டாது. அதற்குக் கடினத்தன்மை பார்க்க வேண்டும். பி8 கிளாஸ் 2 காந்தத்தில் லேசாக ஒட்டும். இழுத்துக் கடினமாக்கியதால் வருவது அது. போலி என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) நட்டையோ வாஷரையோ கலக்கவே கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகி எஸ்.எஸ்.ஸைப் பிளக்கும். கடலோரத்தில், இன்சுலேஷனுக்கு அடியில் 60 டிகிரிக்கு மேல் இருந்தால் குளோரைடும் அதையே செய்யும். 304, 316 இரண்டும் தப்பாது.

இறுக்கும்போது எஸ்.எஸ். மரை எஸ்.எஸ். மரையைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மரையைத் துடைத்து, நிக்கல் ஆன்டி-சீஸை (மரை கடிக்காமல் தடுக்கும் பசையை) மரையிலும் நட் உட்காரும் முகத்திலும் தடவி, கையாலேயே கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். எதிரெதிராக 30, 70, 100 சதவீதம், பிறகு வட்டமாக ஒரு சுற்று. பாதி வழியில் நட் திடீரென்று கனத்தால் உடனே நிறுத்தித் திருப்பிக் கழற்றிவிடுங்கள். இன்னும் கால் சுற்று முறுக்கிவிட்டால் கட்டர் வைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.