வயித்துப் பிள்ளையையும் சேத்து நாலு பேரு

2023 ஜனவரி மூணாவது வாரம் எங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. காலைல லேப்டாப்ப தொறந்தா லாகின் ஆகல, பர்சனல் மெயில்ல ஒரு லெட்டர் வந்து கெடந்துச்சு. அப்ப எனக்கு அஞ்சாம் மாசம். பெரியவனுக்கு நாலு வயசு, இங்கயே பொறந்தவன். அமெரிக்காவுல நியூஜெர்ஸி மாநிலத்துல எடிசன் பக்கம் வாடகை வீடு. எச்1பில (வேலைக்கான விசா) வேலை போனா 60 நாளுக்குள்ள வேற கம்பெனி கெடைக்கணும், இல்ல ஊருக்கு கெளம்பணும்னு எல்லாரும் அந்த 60 நாளையே பேசிட்டு இருந்தாங்க, எனக்கு மட்டும் லெட்டரோட ரெண்டாவது பக்கத்துல இருந்த ஒரு வரி தூக்கத்துலயும் வந்துச்சு. குடும்பத்துக்கான மெடிக்கல் இன்சூரன்ஸ் ஜனவரி 31ஓட முடியுது.

கோப்ரான்னு ஒண்ணு இருக்கு, பழைய கம்பெனி இன்சூரன்ஸையே நாமளே முழுக்காசும் கட்டி வச்சுக்கலாம். கம்பெனி கட்டிட்டு இருந்த பங்கும் நம்ம தலைல, அது மேல 2 சதவீதம் நிர்வாகச் செலவும் சேரும். எங்களுக்கு வந்த கணக்கு மாசம் 2,150 டாலர். வாடகையே 2,200. ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, கோப்ரா எடுக்க 60 நாள் டைம் உண்டு, கடைசி நாள்ல எடுத்தாலும் இன்சூரன்ஸ் முடிஞ்ச அன்னைல இருந்தே கணக்கு (அந்த மாசங்களுக்கும் சேத்து காசு கட்டணும்). அதனால அந்த பேப்பர தூக்கிப் போடாம ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டோம், பெருசா ஏதாச்சும் ஆச்சுன்னா இருக்கட்டும்னு.

எங்கம்மா தென்காசி பக்கம் கிராமத்துல நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. வீடு வீடா போயி யாரு உண்டாயிருக்கான்னு பாத்து, பேரு பதிஞ்சு, ஊசி போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டுப் போறதுதான் அவங்க வேலையே. போன்ல விஷயத்த சொன்னதும் வேலை போனத பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "ஏட்டி, பேரு எங்கயாச்சும் பதிஞ்சு வச்சிருக்கியா இல்லியா?"ன்னாங்க. அங்கல்லாம் உண்டானதும் பிக்மி நம்பர் (கர்ப்பிணிய அரசாங்கத்துல பதிஞ்ச நம்பர்) வாங்கணும், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபாய்க்கு எழுதிக் குடுக்கணும், அது அவங்களுக்கு மூச்சு மாதிரி. "அமெரிக்காவுல அப்படி எல்லாம் இல்லம்மா"ன்னு நான் சொன்னேன். அது தப்பு. இருக்குது, எனக்குத்தான் தெரியல.

பக்கத்து அபார்ட்மெண்ட்ல விருதுநகர் அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அவங்கதான் மொதல்ல மெடிக்கெய்டுன்னு சொன்னது. நான் அது வயசானவங்களுக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன், அது மெடிக்கேர். ரெண்டும் 1965 ஜூலை 30ஆம் தேதி ஒரே நாள்ல ஜான்சன் கையெழுத்துப் போட்டு வந்த திட்டம்தான், ஆனா மெடிக்கேர் 65 வயசானவங்களுக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும், மெடிக்கெய்டு வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு. மெடிக்கெய்டுக்கு மத்திய அரசும் மாநிலமும் சேந்து காசு போடுது, நடத்துறது மாநிலம், அதனால ஊருக்கு ஒரு பேரு, ஊருக்கு ஒரு ரூல். கலிஃபோர்னியால மெடி-கால், மாசசூசெட்ஸ்ல மாஸ்ஹெல்த், எங்க ஊர்ல என்ஜே ஃபேமிலிகேர். கார்டுல மெடிக்கெய்டுங்கற வார்த்தையவே தேடித்தான் பாக்கணும்.

"நாம எச்4, நமக்கெல்லாம் எப்படிக்கா தருவாங்க"ன்னு கேட்டேன். எச்4ங்கறது எச்1பிகாரரோட குடும்பத்துக்கு குடுக்கற விசா. அக்கா, "நீயே ஏம்மா முடிவு பண்ற, எழுதிப் போடு, இல்லன்னா இல்லன்னு அவங்க லெட்டர் அனுப்பட்டும்"னாங்க.

அப்புறம் நான் உக்காந்து படிச்சேன். 1996ல வந்த சட்டப்படி கிரீன்கார்டு வாங்குன பெரியவங்களே பெரும்பாலும் 5 வருஷம் காத்திருந்தாத்தான் மெடிக்கெய்டு, எச்1பி எச்4 மாதிரி விசால இருக்கற பெரியவங்களுக்கு அந்தக் கதவே கெடையாது. ஆனா 2009ல இன்னொரு சட்டம் வந்துச்சு, சட்டப்படி இங்க தங்கியிருக்கற குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த 5 வருஷக் கணக்கு பாக்காம மாநிலங்க விரும்புனா சேத்துக்கலாம்னு. நியூஜெர்ஸி அத எடுத்துக்கிச்சு. அப்படித்தான் விசால இருக்கற கர்ப்பிணியான நானும் உள்ள வர முடிஞ்சுச்சு. டெக்ஸாஸ்ல இருக்கற என் காலேஜ் தோழிக்கு இதே நெலமை வந்தப்ப அங்க சிப் பெரினேட்டல்னு வேற பேர்ல, வயித்துல இருக்கற பிள்ளை பேர்ல கெடைச்சுச்சு. அதனால உங்க மாநிலத்துல என்னன்னு பாருங்க, என் கதைய அப்படியே எடுத்துக்காதீங்க.

இப்ப பயம். வாட்ஸ்அப்ல நான் கேட்ட அன்னைக்கு ராத்திரி 40 மெசேஜ். மெடிக்கெய்டு வாங்குனா பப்ளிக் சார்ஜ் (அரசாங்கத்துக்கு பாரமா இருக்கறவங்கங்கற முத்திரை) ஆயிடும், நாளைக்கு கிரீன்கார்டு கெடைக்காது, விசா ஸ்டாம்பிங்ல மாட்டிப்பீங்க, எங்க சித்தப்பா பையனுக்கு இப்படித்தான் ஆச்சு. எங்க வீட்டுக்காரரு முகமே மாறிடுச்சு. ஏழு வருஷமா வரி கட்டி, ஒரு டிராஃபிக் டிக்கெட் கூட வாங்காம கார் ஓட்டி, கிரீன்கார்டு வரிசைல நிக்கறவரு. அவரு பயத்த நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு சுகர் டெஸ்ட் பண்ண வேண்டிய வாரம் நெருங்குது, எங்க பாட்டிக்கு சுகர், அம்மாவுக்கு என்னைய உண்டாயிருக்கும்போது சுகர் வந்திருக்கு. 150 டாலர் குடுத்து ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட அரை மணி நேரம் பேசுனோம், அந்த வருஷத்துலயே நாங்க செஞ்ச நல்ல செலவு அதுதான். 2022 டிசம்பர் 23ல இருந்து நடப்புல இருக்கற ரூல்படி, அரசாங்கக் காசுல ஹோம் மாதிரி எடத்துல நீண்ட காலம் தங்க வச்சுப் பாத்துக்கறத தவிர மெடிக்கெய்ட பப்ளிக் சார்ஜுக்கு கணக்குல எடுக்க மாட்டாங்கன்னு அவங்க சொன்னாங்க. அவ்வளவு கடுமையா இருந்த 2019 ரூல்ல கூட கர்ப்பிணிகளும் 21 வயசுக்கு உட்பட்டவங்களும் வாங்குற மெடிக்கெய்டுக்கு விலக்கு இருந்துச்சுன்னும் சொன்னாங்க. இது எங்களுக்கு 2023ல சொன்னது. இந்த ரூல் ஆட்சிக்கு ஆட்சி மாறுது, இப்ப நீங்க எழுதிப் போடறதுக்கு முன்னாடி இன்னைக்கு என்ன நடப்புன்னு வக்கீல்கிட்ட கேளுங்க, வாட்ஸ்அப்ல கேக்காதீங்க.

பிப்ரவரி மொத வாரம் ஆன்லைன்ல ஃபார்ம் போட்டோம். மார்ச் ஆரம்பத்துல லெட்டர் வந்துச்சு, எனக்கும் இல்ல பையனுக்கும் இல்ல, வருமானம் அதிகம்னு. சம்பாத்தியமே இல்லாத வீட்டுக்கு வருமானம் அதிகம்னு லெட்டர் வந்தா எப்படி இருக்கும். நான் பாத்ரூம்ல போயி அழுதுட்டு வந்தேன். அந்த நேரத்துல டாக்டர்கிட்ட போன விசிட்டும் ரத்த டெஸ்டும் கைக்காசு, 600 டாலருக்கு மேல. ஒரு மணி நேரம் சுகர் டெஸ்ட் ஃபெயில், மூணு மணி நேர டெஸ்ட்டுக்கு வரச் சொன்னாங்க, நான் தேதி தள்ளிப் போட்டேன். அம்மாகிட்ட சொல்லல.

விருதுநகர் அக்காதான் ஒரு கம்யூனிட்டி ஹெல்த் சென்டருக்கு கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஃபார்ம் நெரப்பி உதவி பண்றதுக்குன்னே ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, அந்த டினையல் லெட்டர ஒரு நிமிஷம் பாத்துட்டு, பிப்ரவரில ஏதாச்சும் மொத்தப் பணம் வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சு, ரெண்டு மாச செவரன்ஸ் (வேலைய விட்டு எடுக்கும்போது குடுக்கற பணம்), பிப்ரவரி 3ஆம் தேதி ஒரே செக்கா. அதுதான் விஷயம்னாங்க. மெடிக்கெய்டு பாக்கறது போன வருஷ டபிள்யூ-2 (கம்பெனி குடுக்கற வருஷ சம்பளக் கணக்கு) இல்ல, இந்த மாசம் கைக்கு என்ன வருதுங்கறதுதான், மொத்தமா வந்த பணம் வந்த அந்த ஒரு மாசத்துக்கு மட்டும்தான் வருமானம். மார்ச்ல உங்களுக்கு ஒண்ணும் வரல, அதனால இன்னைக்கே திரும்பப் போடுங்கன்னாங்க. பேங்க்ல எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு ஒரு கேள்வி கூட இல்ல, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் சேமிப்புக் கணக்கே பாக்கறதில்ல. இது தெரியாம நாங்க சேமிப்பு கரையட்டும்னு காத்திருக்கலாமான்னு கூட பேசியிருந்தோம்.

அடுத்து அந்தம்மா வீட்டுல எத்தன பேருன்னு கேட்டாங்க. மூணு பேருன்னேன். இல்ல நாலுன்னு எழுதுனாங்க. வயித்துல இருக்கறதும் ஒரு ஆளு, கர்ப்பிணிக்கு வருமான வரம்பு பாக்கும்போது பொறக்கப் போற பிள்ளையையும் சேத்துத்தான் குடும்பம். அந்த 4ங்கற நம்பர பாத்ததும் எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு, இந்த ஊர்ல என் பிள்ளைய ஒருத்தங்க ஆளா கணக்குல எழுதுனது அதுதான் மொத தடவ. அந்த வருஷம் நாலு பேர் குடும்பத்துக்கு வறுமைக் கோடு 30,000 டாலர். நியூஜெர்ஸில கர்ப்பிணிக்கு அதுல 205 சதவீதம் வரைக்கும், அதாவது வருஷம் 61,500, மாசத்துக்கு 5,125. குழந்தைங்களுக்கு 355 சதவீதம் வரைக்கும். அது ஒரு லட்சத்துக்கு மேல போகுது, இந்த கணக்கு தெரியாமலே எத்தன நம்ம ஆளுங்க பிள்ளைங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லாம இருக்காங்களோ.

எச்4ல இருக்கற எனக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கெடையாது, ஆன்லைன்ல அந்தக் கட்டத்துலயே நான் ரெண்டு நாள் நின்னிருந்தேன். எஸ்எஸ்என் வாங்கவே தகுதி இல்லாதவங்க அத குடுக்க வேண்டியதில்லன்னு அந்தம்மா காலியா விட்டாங்க. பாஸ்போர்ட், ஐ-94, எச்4 அப்ரூவல், பையனோட பர்த் சர்டிஃபிகேட், வாடகை அக்ரிமெண்ட், கடைசி பே ஸ்டப், வேலைய விட்டு எடுத்த லெட்டர், டாக்டர் குடுத்த கர்ப்ப சர்டிஃபிகேட், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுனாங்க. அப்புறம் ப்ரிசம்டிவ் எலிஜிபிலிட்டின்னு ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க, முழு ஃபார்ம் முடிவாகற வரைக்கும் கர்ப்பிணிக்கு தற்காலிகமா உடனே கெடைக்கற கவரேஜ். எனக்கு அன்னைக்கே. மறுநாள் காலைல வெறும் வயித்தோட போயி மூணு மணி நேர டெஸ்ட் குடுத்தேன். சுகர் இருந்துச்சு.

சுகர் மெஷினும் ஸ்ட்ரிப்பும் ஃபார்மசில ஒத்த டாலர் கேக்காம குடுத்தாங்க. நாளைக்கு நாலு தடவ விரல்ல குத்தி, இட்லிக்கு பதிலா முட்டை, சோத்த கால்வாசியா கொறச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கிங் லாட்லயே நடந்து, இன்சுலின் இல்லாமலே சமாளிச்சேன். டாக்டர்தான் மாத்த வேண்டியதாச்சு, பழைய டாக்டர் இந்த இன்சூரன்ஸ் எடுக்கறதில்ல. மொதல்ல வருத்தமா இருந்துச்சு, ஆனா ஹெல்த் சென்டர்ல இருந்த மிட்வைஃப் ஒவ்வொரு தடவையும் என் சுகர் நோட்ட வரி வரியா பாத்தாங்க, எங்கம்மா மாதிரியே பென்சிலால வட்டம் போட்டு.

45 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு விதி, எங்களுக்கு ஏப்ரல் நடுவுல அப்ரூவல் வந்துச்சு. வேற ஊர்ல 45 தாண்டியும் வரலன்னு சொல்றவங்க இருக்காங்க, அப்படின்னா சும்மா இருக்காதீங்க, போன் பண்ணி கேஸ் நம்பர் சொல்லிக் கேளுங்க, யார்கிட்ட எந்தத் தேதில பேசுனீங்கன்னு எழுதி வைங்க, மறுப்பு லெட்டர் வந்தா அதுலயே ஃபேர் ஹியரிங் (அந்த முடிவ எதிர்த்து விசாரணை) கேக்கறதுக்கு கடைசி தேதி போட்டிருக்கும். இங்கிலீஷ் வரலன்னா இன்டர்ப்ரிட்டர் கேக்கலாம், காசு கெடையாது. மூணு மாசம் பின்னோக்கியும் கவரேஜ் கேக்கலாம், அந்தந்த மாசத்துல தகுதி இருந்திருக்கணும். எங்களுக்கு பிப்ரவரில செவரன்ஸ் வந்ததால அந்த 600 டாலர் எங்க காசுதான். (2027ல இருந்து இந்த மூணு மாசக் கணக்கு கொறையப் போகுது, 2025 ஜூலைல போட்ட சட்டம்.)

வீட்டுக்காரருக்கு மெடிக்கெய்டு கெடையாது, எச்1பி ஆம்பளைக்கு எந்தக் கதவும் இல்ல. அவருக்கு மட்டும் கெட் கவர்ட் நியூஜெர்ஸில (மாநில அரசோட இன்சூரன்ஸ் வெப்சைட்) மானியத்தோட ஒரு பிளான் எடுத்தோம், இன்சூரன்ஸ் போன 60 நாளுக்குள்ள எடுக்கணும்.

மார்ச் 14, அதாவது 53ஆவது நாள்னு நெனக்கறேன், அவருக்கு வேலை உறுதியாயி புது கம்பெனி பெட்டிஷன் போட்டாங்க. சந்தோஷத்தோட அடுத்த பயம், சம்பளம் வந்ததும் எனக்கு இத நிறுத்திடுவாங்களா, எட்டாம் மாசத்துல திரும்ப டாக்டர் மாத்தணுமான்னு. மறைக்கவும் மனசு வரல, போன் பண்ணி சம்பளத்த சொல்லிட்டோம். கர்ப்பிணியா உள்ள சேந்துட்டா நடுவுல வருமானம் ஏறுனாலும் நிறுத்த மாட்டாங்களாம், நியூஜெர்ஸில பிரசவம் முடிஞ்சு 12 மாசம் வரைக்கும். புது கம்பெனி இன்சூரன்ஸ் மே மாசம் வந்ததும் அது மொதல்ல கட்டும், மிச்சத்த மெடிக்கெய்டு பாத்துக்கும்.

ஜூன்ல பொண்ணு பொறந்தா, மூணு கிலோ இருநூறு கிராம், சுகர் நார்மல். மெடிக்கெய்டுல இருக்கற அம்மாவுக்கு பொறந்ததால ஒரு வயசு வரைக்கும் அவளுக்கு தனியா தகுதி பாக்க வேண்டியதில்ல. ரெண்டு வாரம் கழிச்சு அவ பேர்ல கார்டு வந்துச்சு, பேரு கூட நாங்க இன்னும் சரியா கூப்பிட ஆரம்பிக்கல. வீடியோ கால்ல அத அம்மாவுக்கு காட்டுனேன். கண்ணாடிய போட்டுட்டு வந்து நம்பரோட வாசிச்சாங்க, "பதிஞ்சாச்சு, சரி, மொத ஊசி என்னைக்கு?"