பழைய லேப்டாப்பில் வைஃபை கார்டு மாற்றினேன்: மூன்று ஞாயிறு, ஒரு துண்டு செல்லோ டேப்

வீட்டில் இருக்கும் லேப்டாப் 2012இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3, ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு நாலு வருஷம் ஆயிற்று, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. பெண் பாட வீடியோ பார்ப்பாள், நான் வீட்டுக் கணக்கு எழுதுவேன், அவ்வளவுதான் அதற்கு வேலை. போன மாதம் ஒரு நாள் வைஃபை போயிற்று. மறுநாள் மேஜையிலிருந்து தூக்கிக் கட்டிலில் வைத்தபோது தானாக வந்தது. நாலு நாள் இப்படிக் கண்ணாமூச்சி ஆடிவிட்டு அப்புறம் வரவே இல்லை. "ஃபோன்ல நெட் வருது, டிவில வருது, இதுல மட்டும் வரலைன்னா இதைத்தானே தூக்கிப் போடணும்" என்றாள் மனைவி. பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

தற்காலிகத்துக்கு ஃபோனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போட்டேன், அதாவது ஃபோனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்தேன். லினக்ஸில் இதற்கு டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) எதுவும் தேடத் தேவையில்லை, மாட்டியதும் லேன் கேபிள் சொருகியது போல எடுத்துக்கொள்ளும். வைஃபை செத்த மெஷினில் வைஃபை டிரைவரை எப்படி டவுன்லோடு செய்வது என்று முழிப்பவர்கள் இதை முதலில் செய்து பாருங்கள்.

மேஜை டிராயரில் எப்போதோ வாங்கிய நகம் அளவு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று கிடந்தது. சொருகினேன். வைஃபை வரவில்லை, திரையில் ஒரு சிடி டிரைவ் வந்து நின்றது! இந்த வகை டாங்கிள்கள் முதலில் தங்களை சிடி என்று சொல்லிக்கொண்டு உள்ளே வரும், விண்டோஸ் டிரைவர் அதற்குள் இருக்கும், அதை நிறுவிய பிறகுதான் வைஃபையாக மாறும். லினக்ஸில் அந்த வேஷத்தைக் கலைக்க யுஎஸ்பி மோடுஸ்விட்ச் என்றொரு மென்பொருள் இருக்கிறது, கலைத்தும் பார்த்தேன். ஆனால் அந்த சிப்புக்கு என் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர் இல்லை, யாரோ எழுதி வைத்த நிரலை எடுத்து நாமே கம்பைல் செய்து ஓடும்படி ஆக்க வேண்டும், கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அது திரும்பக் கம்பைல் ஆக வேண்டும். பெண்ணுக்குப் பரீட்சை நேரத்தில் கெர்னல் அப்டேட் வந்தால் என் கதி என்ன? டாங்கிள் டிராயருக்கே திரும்பிப் போயிற்று.

சரி, உள்ளே இருக்கும் கார்டையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். கட்டளை தட்டும் டெர்மினலில் பிசிஐ சாதனப் பட்டியலை, அதாவது உள்ளே மாட்டியிருக்கும் கார்டுகளின் பட்டியலை, எடுத்துப் பார்த்தபோது பழைய கார்டின் பெயர் அதில் பத்திரமாக இருந்தது. செத்துப்போன கார்டு பெரும்பாலும் பெயர் சொல்லாது. அதைப் பார்த்த பிறகும் கார்டு போய்விட்டது என்றே நம்பினேன், ஏனென்றால் மனசுக்குள் ஏற்கெனவே புதுக் கார்டு வாங்கிவிட்டேன்.

இந்த வயசு லேப்டாப்புகளில் இருப்பது அரை அளவு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, 30க்கு 27 மில்லிமீட்டர் வரும். இப்போதைய மெஷின்களில் வருகிற எம்.2 கார்டு இதைவிடச் சின்னது, இந்த ஸ்லாட்டில் உட்காராது. அடாப்டர் வைத்து உட்கார வைத்தாலும் ஆன்டெனா ஒயரின் முனை பொருந்தாது, எம்.2 கார்டில் இருக்கும் பொத்தான்கள் இன்னும் குட்டி. அதனால் 2013 வாக்கில் வந்த இன்டெல் 7260 என்று தீர்மானித்தேன். இரண்டு ஆன்டெனா, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உண்டு, ப்ளூடூத் 4.0 உண்டு, டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. என் பழைய கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஒற்றை ஆன்டெனா. எங்கள் அடுக்குமாடியில் 2.4இல் தேடினால் இருபதுக்கும் மேல் பெயர் வரும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல் என்றால் அங்கே 1, 6, 11 என்று மூன்றுதான், அத்தனை வீடும் அந்த மூன்றில்தான் முண்டியடிக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஃபைபருக்குப் பணம் கட்டிவிட்டு லேப்டாப்பில் 28 பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாங்கும் முன் ஒரு பயம் இருந்தது. அந்தக் காலத்து லேப்டாப்புகள் சிலவற்றின் பயாஸில் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) ஒரு பட்டியல் இருக்கும், அதில் இல்லாத வைஃபை கார்டைப் போட்டால் மெஷின் பூட்டே ஆகாது, கழற்று என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். என் மாடலில் அது இருக்கிறதா என்று மாட்டினால்தான் தெரியும். சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் உதிரி விற்கும் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன்.

"அண்ணே, பூட் ஆகலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"ரெண்டு நாள்ல கொண்டாங்க சார், வேற மாத்தித் தர்றேன். பணம் கேக்கக் கூடாது."

650 ரூபாய். டப்பாவில் குவிந்து கிடந்த கார்டுகளில் விரலால் துழாவி எடுத்து, சட்டையில் ஒரு தேய் தேய்த்துக் கொடுத்தார்.

முதல் ஞாயிறு. பேட்டரியைக் கழற்றி, சார்ஜர் இல்லாமல் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ எடுத்தால் மூடி வந்துவிடும். ராமுக்குப் பக்கத்திலேயே கார்டு. அதன் மேல் ஒரு கருப்பு ஒயர் பொத்தான் போல மாட்டியிருந்தது, இரண்டாவது வெள்ளை ஒயர் யாருக்கும் வேண்டாததாக முனையில் பிளாஸ்டிக் உறை போட்டு ஓரத்தில் செருகிக் கிடந்தது. பன்னிரண்டு வருஷமாக மூடிக்குள் சும்மா இருந்திருக்கிறது பாவம். இந்த இரண்டு ஒயரும் கீல் வழியாகத் திரையின் மேல் விளிம்புவரை போகும், ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பொத்தானுக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேர் மேலே நெம்ப வேண்டும். மாட்டும்போது பொத்தான் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும், 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். இந்த வகைப் பொத்தான்களை முப்பது தடவை கழற்றி மாட்டத்தான் தயாரிக்கிறார்கள், அதற்கு மேல் தளர்ந்துவிடலாம். நான் இந்த மூன்று வாரத்தில் ஏழெட்டைச் செலவழித்துவிட்டேன்.

பவர் போட்டேன். கம்பெனி லோகோ வந்து, அதற்குப் பிறகு வந்த இரண்டு நொடி கருப்புத் திரையில் நான் மூச்சு விடவில்லை. மின்ட் வந்துவிட்டது, பயாஸ் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வைஃபையும் வரவில்லை. நெட்வொர்க் மெனுவில் 'வன்பொருள் சுவிட்சால் அணைக்கப்பட்டுள்ளது' என்கிற மாதிரி ஒரு வரி, அவ்வளவுதான்.

கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று அன்றைக்கு அவரைத் திட்டித் தீர்த்தேன். இரண்டு நாள் கெடுவும் அப்படியே ஓடிப் போயிற்று. (மன்னிக்கணும் அண்ணே.)

இரண்டாவது ஞாயிறு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. என் ஃபோனில் ப்ளூடூத் பட்டியலில் இந்த லேப்டாப்பின் பெயர். பழைய கார்டில் ப்ளூடூத்தே கிடையாது, அப்படியானால் புதுக் கார்டுதான் பேசுகிறது. பாதி உயிரோடு இருக்கிற கார்டு எப்படி இன்னொரு பாதி செத்திருக்கும்? எந்த ரேடியோ தடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் ஆர்எஃப்கில் பட்டியலை எடுத்தேன். ப்ளூடூத்: மென்தடை இல்லை, வன்தடை இல்லை. வைஃபை: மென்தடை இல்லை, வன்தடை ஆம். மென்தடை என்றால் சாஃப்ட்வேரில் அணைத்தது, ஒரு கட்டளையில் எடுத்துவிடலாம். வன்தடையைக் கட்டளையால் எடுக்க முடியாது, எங்கேயோ ஒரு ஒயரில் 'அணை' என்று சைகை வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கேயோ என்ன, லேப்டாப்பின் முன்விளிம்பில் வைஃபைக்கென்று ஒரு ஸ்லைடர் சுவிட்ச் இருக்கிறது! பெண் சின்னவளாக இருந்தபோது அதை இடமும் வலமும் தள்ளி விளையாடுவாள், அதனால் 'ஆன்' பக்கம் தள்ளிவிட்டு மேலே டேப் ஒட்டியிருந்தேன், ஒட்டியதையே மறந்துபோனேன். டேப்பை உரித்துத் தள்ளிப் பார்த்தால் குமிழ் பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடுகிறது. உள்ளே அது நகர்த்த வேண்டிய நாக்கு உடைந்திருக்கிறது. தூக்கி வைத்தால் வந்தது, மேஜையில் போனது என்பதற்கெல்லாம் காரணம் இதுதான்.

ஆல்கஹால் தெளித்தேன், ஊசியால் நெம்பினேன், நடக்கவில்லை. சுவிட்சை மாற்ற மதர்போர்டு முழுக்க வெளியே வர வேண்டும், அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

வேறு வழி கார்டிலேயே இருந்தது. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் விளிம்பில் பல் மாதிரி மொத்தம் 52 பின், அதில் 20ஆம் பின் வழியாகத்தான் அந்த 'அணை' சைகை வருகிறது. அதன் மின்னழுத்தம் கீழே இறங்கினால் ரேடியோ அணையும், அது எதையும் தொடாமல் இருந்தால் ரேடியோ ஓடும். ஆக அந்த ஒரு பின்னை மட்டும் டேப்பால் மூடிவிட்டால் கார்டைப் பொறுத்தவரை சுவிட்ச் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஒற்றைப்படைப் பின்கள் மேல்பக்கம், இரட்டைப்படை கீழ்ப்பக்கம். கார்டைத் திருப்பிப் பிடித்தால் பல்வரிசையில் ஒரு வெட்டு தெரியும், அதன் நீளமான பக்கத்தில் வெட்டை ஒட்டி முதலாவது 18, அடுத்தது 20.

மூன்றாவது ஞாயிறு முழுக்க இந்த டேப்புக்கே போயிற்று. பின்னின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. கண்ணாடி மேல் செல்லோ டேப்பை ஒட்டி, புது பிளேடால் ஸ்கேல் வைத்துக் கீறி, நூல் மாதிரி ஒரு இழை எடுத்து, ட்வீசரால் தூக்கி, ஃபோன் கேமராவை ஜூம் பண்ணிப் பார்த்துக்கொண்டே ஒட்டினேன். மாட்டி ஆன் செய்தால், இந்தத் தடவை கார்டே காணோம். பட்டியலில் பெயர்கூட இல்லை, ப்ளூடூத்தும் இல்லை. கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால், இழை அகலமாகிப் பக்கத்திலிருக்கும் 22ஆம் பின்னையும் சேர்த்து மூடியிருந்தது. 22 ரீசெட் பின், அது தொடாவிட்டால் கார்டு விழிக்காது. உரித்துவிட்டு மறுபடி வெட்டினேன், அது சாய்ந்து ஒட்டிக்கொண்டது, மூன்றாவது இழைதான் சரியாக உட்கார்ந்தது. 18 மேல் கொஞ்சம் ஏறியிருந்தால் கவலை இல்லை, அது வெறும் கிரவுண்டு, வேறு இடங்களிலும் இருக்கிறது.

ஆன் செய்ததும் பக்கத்து வீடுகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கீழே எங்கள் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர், இந்த லேப்டாப் அதுவரை பார்த்தே இராத பெயர். இணைப்பு வேகம் 866 என்று காட்டுகிறது, அது காகிதக் கணக்கு. ஹாலில் சோதித்தால் 94, நாங்கள் பணம் கட்டுகிற 100க்கு அது போதும். படுக்கையறையில் இரண்டு சுவர் தாண்டி 61. அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் தளர்ந்துதான் போகிறது, சுவர் என்றால் 2.4 அளவுக்கு அதற்குத் தெம்பு இல்லை.

ஒரு குடைச்சல் மிச்சம் இருந்தது. வேகம் நன்றாக இருந்தும் பக்கம் திறக்கும்போது ஒரு நொடி திக்கித் திக்கி வந்தது. ரவுட்டரிடமிருந்து பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிங் போட்டுப் பார்த்தால் 3 மில்லிசெகண்டு, 4, திடீரென்று 110, மறுபடி 3. இது மின்சாரம் மிச்சப்படுத்துகிற அமைப்பின் வேலை, கார்டு நடுநடுவே கண்ணயர்கிறது. நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருந்ததை 2 ஆக்கிவிட்டு மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டேன், சரியாயிற்று. பேட்டரி எப்படியும் நாற்பது நிமிஷம்தான் நிற்கும், அதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது.

கடைசியாக, சும்மா இருக்காமல், பழைய கார்டிலும் ஒரு இழை டேப் ஒட்டி மாட்டிப் பார்த்தேன். ஒழுங்காக வேலை செய்தது. 2.4இல் 27 எம்பிபிஎஸ், பழைய மாதிரியே. மனைவியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. புதுக் கார்டைத் திரும்பப் போட்டு மூடிவிட்டேன், பழையது டேப்போடு ஒரு மூக்குக்கண்ணாடி டப்பாவில் டாங்கிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.