ரங்கூன் என்று சொன்னால் தவறா?

கடந்த ஆடி மாதம் ஒருவர் தம் தந்தையை யாங்கோனில் உள்ள என் மருத்துவ அறைக்கு அழைத்து வந்தார். பெரியவருக்கு வயது 84. 1964இல் கடைகள் அரசுடைமை ஆகும்வரை ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். வேறோரிடத்தில் பர்மிய மொழியில் நடந்த நினைவாற்றல் சோதனையில் 30க்கு 14 வாங்கியிருந்தார். அந்தத் தாளைப் பார்த்தபோது, நினைவைக் காட்டிலும் அவருடைய பர்மிய மொழியறிவே சோதிக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

எந்த ஊர் என்ற கேள்விக்கு ரங்கூன் என்று சொல்லியிருக்கிறார்; அதைத் தவறு என்று குறித்திருந்தார்கள். 1989இல்தான் ரங்கூன் என்ற பெயர் யாங்கோன் என்று மாறியது, அப்போதே அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. தேதியும் தவறு. நான் தமிழில் கேட்டதும், “ஆடி அமாவாசை முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, தம்பி” என்றார்; அது சரியாகவே இருந்தது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் பர்மிய மொழியில் தடுமாறியவர், தமிழில் 93, 86, 79 என்று மூச்சுவிடாமல் இறங்கினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் படிக்காதவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம் என்று பரவலாகப் பயன்படும் ஒரு சோதனை சலுகை தருகிறது. கோயில் திண்ணையில் தமிழ் படித்து நின்றுவிட்டவருக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்குப் போதும்?

இதோடு நிறுத்தியிருந்தால் மகனை மகிழ்ச்சியாக அனுப்பியிருப்பேன். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதையும், பிறகு வந்த 45, 90 கியாட் நோட்டுகளை வைத்துக்கொண்டு சில்லறை கணக்கிடப் பட்ட பாட்டையும் பெரியவர் விவரித்தபோது, “பழசெல்லாம் இவ்வளவு தெளிவா சொல்றாரே” என்று மகன் நிம்மதி அடைந்தார். ஆனால் அந்தத் தெளிவு பெரிய ஆறுதல் அன்று. 1953இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு மூளையின் இரு பக்கத்து ஹிப்போகாம்பஸ் பகுதிகளையும் பெருமளவு அகற்றினார்கள். பிள்ளைப் பருவத்து நினைவுகள் அவரிடம் தங்கின. புதிதாகச் சந்தித்த ஒருவரை, அந்த ஆள் அறையை விட்டுப் போனதும் மறந்துபோனார். புதியதைப் பதித்து வைக்க அந்தப் பகுதி தேவை, நெடுநாள் ஊறிய பழையது அதை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை என்பது அவர் மூலமாகத்தான் தெளிவாகத் தெரியவந்தது. முதுமையில் நினைவை மெல்ல மெல்லக் குலைக்கும் அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே வாழைப்பழம், மல்லிகை, குடை, கோயில், சிவப்பு என்று ஐந்து சொற்களைச் சொல்லி, இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்து, ஐந்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டுக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. “ஒரு பழம் சொன்னேனே, ஐயா” என்றேன். “மாம்பழம்” என்றார், சந்தேகமே இல்லாமல். பூ என்றதற்கு ரோஜா. மனச்சோர்விலோ கவனக்குறைவிலோ சொல் உள்ளேதான் இருக்கும், எடுக்கத்தான் வராது. அப்படிப்பட்டவருக்கு இந்தக் குறிப்பு பெரும்பாலும் கைகொடுக்கும். குறிப்பும் உதவாதபோது, சொல் பதியவே இல்லையோ என்று நினைக்க வேண்டியிருக்கிறது. மொழி மாறியதும் 14 என்பது 20 ஆனது. அந்த ஐந்து சொற்களுக்கான மதிப்பெண் மட்டும் இரண்டு தாளிலும் பூஜ்யம்.

மதிப்பெண்ணை விட வீட்டார் சொல்வதை நான் அதிகம் நம்புகிறேன். எப்போது தொடங்கியது, திடீரென்றா மெல்ல மெல்லவா, பணத்தை யார் பார்த்துக்கொள்கிறார் என்று பெரியவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மகனிடம் கேட்டேன். இரண்டு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக, என்றார். மளிகைக்காரருக்கு ஒரே பாக்கியை இரண்டு முறை கொடுத்திருக்கிறார், கணக்கு எழுதிய கை. மறதிக்கு வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத் தைராய்டு, பி12 பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தேன்; பெரியவர் தூக்கத்துக்குப் போடும் மாத்திரை என்னவென்று பார்க்க, அட்டையோடு அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.